டெரோசியோ கண்ட மன்றம்

வங்கத்தின் இளங்கவிஞர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ 1809 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவில் பிறந்தார். 17 வயதில், 1826இல், அந்நகரின் இந்துக் கல்லூரியில் ஆசிரியரானார். மாணவருள் பலர் அவரினும் சில ஆண்டுகளே இளையர். வகுப்பறையோடு முடிந்துவிடும் உரையாடல் அவருக்குப் போதவில்லை. 1828இல் மாணவரைக் கூட்டி 'அகாதமிக் அசோசியேஷன்' என்னும் விவாத மன்றத்தை நிறுவினார். மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் அது கூடிற்று. விதி, இறையுண்மை, உருவ வழிபாடு, நாட்டுப்பற்று எனப் பலவும் அங்கே ஆராயப்பட்டன. எப்பொருளிலும் இருதரப்பையும் எடைபோட்டுப் பார்க்க மாணவரைப் பழக்கினார் டெரோசியோ.

அப்பழக்கமே அவருக்கு இடராயிற்று. வைதிகக் குடும்பங்கள் சினந்தன. பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தின. ஆட்சிக்குழு அவரை விலக்கத் துணிந்தது. சாட்டிய குற்றங்களை மறுத்தெழுதிய அவர், 1831 ஏப்ரலில் பதவி துறந்தார். உடனே 'ஈஸ்ட் இந்தியன்' என்னும் இதழைத் தொடங்கி உழைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 22.

அவருக்குப்பின் மன்றத்தின் தலைமையை டேவிட் ஹேர் ஏற்றார். அங்கே பேசிப் பழகிய கிருஷ்ண மோகன் பானர்ஜி, ராம்கோபால் கோஷ் முதலியோர் வங்க மறுமலர்ச்சியின் முன்னணியில் நின்றனர். 1838இல் அவருடைய மாணவர்கள் பொது அறிவு வளர்க்கும் சங்கம் ஒன்றையும் கண்டனர். ஆசிரியர் மறைந்து ஏழாண்டாகியும் அவர்கள் ஒன்றுகூடும் வழக்கத்தை விடவில்லை.