தடவைக்கு 4 மீட்டர்

அமெரிக்கக் காற்பந்துல பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். எதிரணியினர் ஆளையே மோதி வீழ்த்தலாம். அப்படி அடி வாங்கி ஓடுவதையே தொழிலாகக் கொண்டவர் வால்டர் பேய்ட்டன்.

மிசிசிப்பியின் கொலம்பியா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1975-இல் சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தார். 13 பருவங்களில் ஆடாமல் விட்டது ஒரே ஓர் ஆட்டம்! 1977-இல் காய்ச்சலோடு களமிறங்கி, ஒரே ஆட்டத்தில் 275 கெஜம் ஓடி அன்றைய சாதனையை முறியடித்தார்.

பொறியியல் மாணவன் இல்லையா, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 3,838 ஓட்டம், 16,726 கெஜம். கிலோமீட்டரில் 15 சொச்சம்தான். தடவைக்குச் சராசரி 4 மீட்டர்! ஓடுவார், விழுவார், எழுந்து மறுபடி ஓடுவார். இப்படியே 1984-இல் ஜிம் பிரவுனின் மொத்த ஓட்டச் சாதனையைத் தாண்டினார். 1986 ஜனவரியில் சூப்பர் பௌல் கிண்ணமும் கிடைத்தது. அன்று அணி எடுத்த 46 புள்ளிகளில் அவருடையது ஒன்றுகூட இல்லை.

தன்னை அரிய கல்லீரல் நோய் தாக்கியிருப்பதை 1999-இல் அறிவித்தார். மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது, புற்றுநோய் முந்திக்கொண்டது. அந்த நிலையிலும் உறுப்பு தானத்துக்காகக் குரல் கொடுத்தார். நவம்பர் 1-இல் மறைந்தார்.

நண்பர்களே, உறுப்பு தானம் பற்றி வீட்டுல ஒரு தடவை பேசிப் பாருங்க. அதுவும் ஒரு 4 மீட்டர்தான்.