சர் பிட்டி தியாகராய செட்டியார்

சென்னைக்கு வடக்கே கடலோரத்துள்ள திருவொற்றியூரில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு ஆதிபுரீசர், படம்பக்கநாதர் என்னும் திருநாமங்களோடு தியாகராசர் என்னும் திருநாமமும் வழங்குதலை அன்பர்கள் அறிவர். தியாகம் என்னுஞ் சொல் கொடுத்தலையும் குறிக்கும்; கைவிடுதலையும் குறிக்கும். தன்பால் உள்ளதைப் பிறர்க்கு ஈதல் ஒருவகை. தனக்கென வந்து எய்துவதை வேண்டாவென விலக்குதல் மற்றொருவகை. முன்னையது செல்வர் பலர்க்கும் கூடும். பின்னையது மிகச் சிலர்க்கே கூடும். அத்தலத்திற்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள கொருக்குப்பேட்டையில் தோன்றி, அப்பெருமான் திருநாமத்தையே தமக்குப் பெயராகப் பெற்றிருந்த ஒருவர், மக்கள் தேர்ந்தெடுத்த முதற் சட்டசபையில் எய்தற்கரிய பதவி தம் வாயிலில் வந்து நின்றபோது அதனை விலக்கினார். அவர் வரலாற்றைச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

வடசென்னை நெடுங்காலமாக நெசவாளர்க்கு இருப்பிடமாயிருந்த நிலம். கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி வாணிகத்தின் பொருட்டுத் தறிக்காரர்களை அழைத்துக் குடியேற்றிய ஊர்கள் இப்பகுதியிற் பல. 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பார் திருவொற்றியூரை அடுத்து நெசவாளர்க்கென ஒரு பேட்டையை அமைத்தார். அவர் பெயரால் வழங்கிய அப்பேட்டையே மக்கள் நாவில் மருவி இன்று காலடிப்பேட்டை எனப்படுகிறது. வண்ணாரப்பேட்டையோ துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளரால் பெயர் பெற்றது. இத்தகைய சூழலில், தெலுங்கைத் தாய்மொழியாகவுடைய தேவாங்க நெசவுக் குடியொன்றில், 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தியாகராயர் பிறந்தார். பிட்டி என்பது அவர் குடும்பப் பெயர்.

தறியோசை கேட்டு வளர்ந்த அவர் சென்னை மாகாணக் கல்லூரியிற் பயின்று 1876-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்துப் பட்டதாரிகள் பெரும்பாலும் வக்கீல் தொழிலையோ சர்க்கார் உத்தியோகத்தையோ நாடுவர். இவர் இரண்டையும் நாடாது குலத்தொழிலுக்கே மீண்டார். ஏறக்குறைய நூறு தறிகள் கொண்ட நெசவுச்சாலை ஒன்றை அமைத்தார். கையால் நாடாவை எறிந்து நெய்யும் பழைய முறையை மாற்றிக் கயிற்றை இழுத்த அளவில் நாடா இருபுறமும் தானே ஓடும் தறியை அதிற் புகுத்தினார். ஆலைத் துணியின் பெருக்கால் கைத்தறி நலிந்துவந்த காலம் அது. தறிக்காரன் பிழைக்க வேண்டின் ஒரு நாளில் நெய்யும் அளவு கூட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தோல் பதனிடுதல் முதலிய தொழில்களிலும் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். தென்னிந்திய வர்த்தக சங்கத்தை நிறுவியவருள் ஒருவராய் நின்று பல ஆண்டு அதன் தலைவராகவும் விளங்கினார். எத்துணைச் செல்வம் வந்தபோதும் அவர் உடை வெள்ளுடையே. வெள்ளுடை வேந்தர் என்று தமிழ்மக்கள் அவரை வழங்கியது இதுபற்றியே.

பொதுவாழ்வில் அவர் முதற் களம் சென்னை நகராண்மைக் கழகம். 1882-இல் அதன் உறுப்பினராகப் புகுந்தவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே தொண்டாற்றினார். சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவை பேரரசுகளின் வரலாற்றில் இடம்பெறாச் சிறு பொருள்கள். ஆயினும் ஏழைமக்கள் வாழ்வும் சாவும் இவற்றையே பொறுத்துள்ளன. 1919-ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டத்திற்குப்பின், 1920-இல், கழகம் தானே தேர்ந்தெடுத்த முதற்றலைவராக அவர் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே ஆயிரம் விளக்கிலிருந்த நகராண்மைப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்கு நண்பகலுணவு அளிக்கும் தீர்மானம் நிறைவேறிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு என்பது அதன் வரையறை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது, வரினும் படியாது. இவ்வெளிய உண்மையை அறிந்து செய்த ஏற்பாடு அது. பின்னர் வேறு சில பள்ளிகட்கும் விரிந்து, அச்செலவைக் கல்வி நிதியிலிருந்து கொடுக்க அரசாங்கம் இசையாமையால் 1925-இல் நின்றுபோயிற்று. ஆயினும் விதை பட்டுப்போகவில்லை. 1956-இல் மாகாணமெங்கும் பரவிய மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலையுணவும் அவ்வோரணாவின் வழித்தோன்றல்களே என்பது மிகையாகாது.

தொடக்கத்தில் அவர் காங்கிரஸ் மகாசபையைச் சார்ந்தவராகவே இருந்தார். நகராண்மைக் கழகத்தில் டாக்டர் டி. எம். நாயருக்கும் அவருக்கும் ஒவ்வாமை இருந்தது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி கோயிற் குளத்தைப்பற்றி எழுந்த வழக்கில் நாயர் மருத்துவர் கண்கொண்டு நோக்கினார். செட்டியார் கோயிலன்பர் கண்கொண்டு நோக்கினார். இவ்விருவரையும் ஒன்றுபடுத்திய பெருமை டாக்டர் சி. நடேச முதலியார்க்கு உரியது. 1916 நவம்பரில் சென்னையிற் கூடிய கூட்டத்தின் பயனாகத் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று. அதன் ஆங்கில நாளிதழின் பெயரால் நீதிக்கட்சி என்று அதனை உலகம் வழங்கிற்று. அடுத்த மாதம் தியாகராயர் பெயரால் வெளிவந்த அறிக்கை, கல்வியிலும் உத்தியோகத்திலும் மாகாணத்தின் பெரும்பாலார் பின்தங்கி நின்றதை எண்களால் எடுத்துக் காட்டிற்று.

கோயிற்பற்று மிக்க ஒருவர் இவ்வழக்கை ஏன் தலைமேற் கொண்டார் என்று சிலர் வினவலாம். கோயிற் குடமுழுக்கு ஒன்றுக்குப் பதினாயிரம் ரூபாய் கொடுத்த அவர், விழாநாளில் மேடைமேல் ஏற இசைவு பெறாது கீழே நிற்க நேர்ந்தது என்றொரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. அஃது எவ்வாறாயினும், அவர் கோயிலை வெறுத்தாரல்லர். இறுதிவரை ஆசாரசீலராகவே வாழ்ந்தார். அவர் வேண்டியது வழிபடுவோர் அனைவர்க்கும் ஒத்த மதிப்பு ஒன்றே.

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நிறுவிற்று. கல்வி, சுகாதாரம், தல ஆட்சி முதலிய துறைகள் சபைக்குப் பொறுப்புடைய மந்திரிகள் கைக்கு வந்தன. பொருளும், போலீசும், நிலவரியும் கவர்னரின் நிர்வாக சபையார் கையிலேயே நின்றன. சென்னைச் சட்டசபையின் உறுப்பினர் 127 பேரில் 98 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர். பிராமணரல்லாதார்க்கென 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வழக்கை இங்கிலாந்தில் எடுத்துரைக்கச் சென்ற நாயர் 1919 ஜூலையில் லண்டன் நகரிலேயே உயிர்நீத்தமையால், கட்சியின் பாரம் முழுவதும் அறுபத்தேழு வயதினரான தியாகராயர் தோள்மேல் வந்தது. சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோலாயிருந்தன. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஏறத்தாழப் பன்னிரண்டரை இலட்சம் பேரே வாக்காளர். 1920 நவம்பரில் நடந்த தேர்தலிற் காங்கிரஸ் விலகி நின்றது. நீதிக்கட்சி 63 இடங்களைப் பெற்றது. தியாகராயர் சென்னை நகரின் பிரதிநிதியாகச் சபை புகுந்தார்.

கவர்னர் வில்லிங்டன் பிரபு மந்திரிசபை அமைக்குமாறு அவரையே அழைத்தார். வேறு எவரை அழைத்தல் கூடும்? கட்சியை வளர்த்தவர் அவர், பொருளும் உழைப்பும் ஈந்தவர் அவர், முதியவர் அவர். ஆயினும் அவர் அப்பதவியை ஏற்றிலர். பதவி வேட்கையாற் கட்சி நடத்துகின்றனர் என்று மாற்றார் தூற்றிவந்த காலத்தில், அத்தூற்றலுக்கு அவர் அளித்த விடை அம்மறுப்பேயாம். கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியாரை அவர் முன்மொழிய, 1920 டிசம்பர் 17-இல் முதல் மந்திரிசபை அமைந்தது. உடல்நலம் குன்றி ரெட்டியார் விலகியபின் 1921 ஜூலையிற் பனகல் அரசர் முதல் மந்திரியானார். தியாகராயரோ சபையின் உறுப்பினராகவும் கட்சியின் தலைவராகவும் மட்டும் இருந்தார்.

நாம் ஈண்டுச் சற்று நின்று சிந்தித்தல் தகும். யான், எனது என்னும் செருக்கு உயிரைப் பற்றிநிற்கும் ஆற்றலைச் சித்தாந்தம் பயில்வார் நன்கறிவர். செல்வப்பற்று நீங்கினார்க்கும் பெருமைப்பற்று நீங்குதல் அரிது. தாம் நட்டு நீர்பாய்ச்சிய மரத்தின் கனியைப் பிறர் கையிற் கொடுத்து, அம்மரத்திற்குத் தொடர்ந்து நீரும் பாய்ச்சுவது எளிதன்று. முதல் மந்திரியாயிருந்தார் பலர் பெயர் இன்று மறைந்தொழிய, ஆகாதிருந்த இவர் பெயர் நிலைத்து நிற்கின்றது.

அச்சபை செய்தவற்றுட் சில குறிக்கத்தக்கன. 1921 ஏப்ரலில் மகளிர்க்கும் வாக்குரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறிற்று. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மாகாணங்களுள் இதில் முந்தியது சென்னையே. உத்தியோகங்கள் எல்லா வகுப்பார்க்கும் பங்காகுமாறு அவ்வாண்டிலேயே ஆணை பிறந்தது. நம்மனோர்க்கு நெருங்கிய பொருளாகிய கோயிற் பொருட்காப்பும் ஆராயப்பட்டது. 1922-இற் கொணரப்பட்ட இந்து அறநிலைய மசோதா 1925-இற் சட்டமாகி, 1927-இல் மீண்டும் இயற்றப்பட்டது. கோயிற் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை பொதுமக்கட்கு உண்டு என்னும் கொள்கை அதனால் வேரூன்றிற்று.

குணம் கூறுவார் குறையும் கூறுதல் கடன். 1921-இல் வடசென்னை பெருந்துயர் ஒன்றைக் கண்டது. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, நிறுத்தத்தில் நின்றார்க்கும் அவர்க்கும் பகை மூண்டது. புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. நீதிக்கட்சித் தலைவர்கள், அரசாங்கம் ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலகத்திற்குக் காரணம் என்று வாதித்தனர். சபையில் ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசிய எம். சி. ராஜா தேர்தலால் வந்தவரல்லர், அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர். 1923-இல் அவர் நீதிக்கட்சியை விட்டு நீங்கினார். ஆலையும் சேரியும் தியாகராயர் பிறந்த கொருக்குப்பேட்டைக்கு அணித்தே இருந்தவை. வரிகொடுப்பார் வாக்கினால் அமைந்த சபையில், வரிகொடுக்க வகையற்றார் துயர் உறுப்பினர் செவியில் ஏறாமற் போயிற்று. கோயில் மேடைக்குக் கீழே ஒருவன் நிற்பதன் வலியை அறிந்த இயக்கம், அதற்கும் கீழே நின்றாரை அந்நாளில் நோக்கத் தவறிற்று. தலைவராயிருந்த தியாகராயர்க்கும் அதிற் பங்குண்டு என்பதை மறைத்தல் உண்மைக்கு ஒவ்வாது.

பிற்காலம் அவர்க்கு அமைதியானதன்று. மந்திரிசபையிற் றமிழர்க்கு இடமில்லை என்ற மனக்குறையும், கட்சிக்குட் பூசலும் மிகுந்தன. 1923 தேர்தலில் இடங்கள் குறைந்தன, நவம்பரில் சி. ஆர். ரெட்டி கொணர்ந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44-க்கு 65 என்னும் வாக்கினால் தோற்றது. முதுமையிலும் தலைமைப் பொறுப்பைச் சுமந்த அவர் 1925-ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார். மாம்பலத்தில் ஏரி நிலத்தைத் தூர்த்து அமைத்த புதிய நகர்ப்பகுதி தியாகராய நகர் எனப் பெயர் பெற்றது. அவர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டைப் பகுதியில் 1950-இல் எழுந்த கல்லூரியும் அவர் பெயரையே தாங்குகிறது.

அவர் வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? மக்கள் தரும் பதவி ஒருவனது உடைமையன்று. அது பிறர் பொருள். தனக்கு வேண்டாவெனில் விடவும், பிறர்க்கு வேண்டுமெனில் சுமக்கவும் வல்லவனே அதற்குத் தகுதியுடையான். முதலாவதைத் தியாகராயர் எவரும் ஐயுறாவண்ணம் செய்து காட்டினார். இரண்டாவதில் அவர் செய்ததும் பெரிது. செய்யாது விட்டதும் உண்டு. தமக்கு வாக்களித்தார்க்காகப் பேசுதல் கடன்; வாக்களிக்க உரிமையற்றார்க்காகப் பேசுதல் அறம். எல்லார்க்கும் வாக்குரிமை வந்துவிட்ட இந்நாளிலும் அவ்வறம் தீர்ந்தபாடில்லை.

திருவொற்றியூரில் எண்ணெய் ஆட்டும் குடியிற் பிறந்த கலிய நாயனார், செல்வம் தேய்ந்தபின்னும் திருவிளக்குத் தொண்டை விடாது, கொடுக்க ஒன்றுமில்லாத நிலையில் தம்மையே கொடுக்கத் துணிந்தார் என்பது பெரியபுராணங் காட்டும் வரலாறு. கொடையின் எல்லையை அவ்வூர் அன்றே கண்டது. அவ்வெல்லையை நோக்கி நெடுந்தூரம் நடந்த ஒருவராக வெள்ளுடை வேந்தரை நாம் நினைவு கூர்வோம். அவர் நடந்த தூரத்தைப் போற்றுவதோடு, அவர் நின்ற இடத்தினின்றும் நடையைத் தொடர்தல் பொதுத்தொண்டில் இறங்கும் இளைஞர் கடமையாகும்.