மறுத்தவரும் ஏற்றவரும் ஒருவரே

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற சிற்றூர்களில் வாழ்வோரையும் முழு உடல் பரிசோதனை விளம்பரங்கள் இன்று கைப்பேசி வழியே வந்தடைகின்றன. நோயின் அறிகுறி ஏதுமில்லாதவரும் எல்லாவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிற எண்ணம் பரவிவரும் இக்காலத்தில், மருத்துவத்தோடு வாழ்நாளெல்லாம் வழக்காடிய அண்ணல் காந்தியடிகளின் வாழ்க்கை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இளமையில் அவர் மருத்துவம் பயிலவே விரும்பினார். பிணங்களை அறுத்துப் பயில்வது தந்தையாருக்கு உடன்பாடானதல்ல என்று தமையனார் தடுக்கவே, 1888-இல் சட்டம் பயில லண்டன் சென்றார். 1909-இல் கப்பற்பயணத்தின்போது எழுதிய இந்திய சுயராஜ்யம் நூலில் மருத்துவர்களைக் கடுமையாகச் சாடினார். அளவின்றி உண்டவனின் செரியாமையை மாத்திரை உடனே நீக்கிவிடுவதால், அவன் மீண்டும் அளவின்றி உண்கிறான். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறான் என்பது அவரது வாதம்.

அந்த வாதத்துக்கு 1924 ஜனவரியில் சோதனை வந்தது. எரவாடா சிறையிலிருந்த அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. புணே சசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவர் கர்னல் மேடக் அறுவை சிகிச்சை செய்ய அவர் இசைந்தார். நடுவில் மின்சாரம் தடைப்பட, அரிக்கேன் விளக்கொளியில் சிகிச்சை முடிந்தது. உயிர் பிழைத்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து, ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா மரணப் படுக்கையில் இருந்தார். இதய நோயால் தளர்ந்திருந்தவரை நுரையீரல் அழற்சியும் பற்றியது. மகன் தேவதாஸ், அந்நாளில் கிடைத்தற்கரிய பெனிசிலினை வரவழைத்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்றறிந்த காந்தியடிகள், முடிவை நெருங்கிவிட்ட உடலை மேலும் வருத்த வேண்டாம் என்று தடுத்தார். 1944 பிப்ரவரி 22-இல் கஸ்தூர்பா மறைந்தார். சில வாரங்களில் மலேரியாவுக்கு ஆளான அவர், முதலில் மறுத்துப் பின்னர் குயினைன் உட்கொண்டு நலம் பெற்றார்.

இதை முரண் என்போர் உண்டு. மனைவியின் சிகிச்சையைக் கணவர் முடிவு செய்யலாமா என்கிற கேள்வியும் நியாயமானதே. ஆயினும், தெளிவாகக் கண்டறியப்பட்ட, தீர்க்கக்கூடிய நோய்க்கு அவர் சிகிச்சையை ஏற்றார். வேதனையை மட்டுமே கூட்டும் என்று கருதியதை மறுத்தார். இந்தப் பகுத்தறிதலே இன்று அருகிவருகிறது.

தென்கொரியாவில் 1999-க்குப் பின் அறிகுறியற்றோருக்கும் தைராய்டு அல்ட்ராசவுண்டு பரவலானது. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது; இறப்பு விகிதமோ மாறவில்லை. வாழ்நாளில் தொல்லை தராதிருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் தைராய்டு சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண நேர்ந்தது.

பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே சுட்டியதுபோல, மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றதன்று. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியார். எனவே கேட்க வேண்டியவர் நாமே. இந்தச் சோதனை எனக்கு ஏன் தேவை? முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறுமா? செய்யாவிட்டால் என்ன நேரும்? ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தேவையான சோதனைகள் இக்கேள்விகளுக்கு எளிதில் விடை தரும். விடை தராதவற்றுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.