மலர்வளையம் வேண்டாம் என்றவர்

போலியோ சொட்டு மருந்து போட்ட ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகாமில் நின்றிருப்பீர்கள். சொட்டு விட்டதும் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவார்கள். அந்த முகாம்களில் தொப்பியும் மஞ்சள் மேலாடையும் அணிந்து உதவிய ரோட்டரி சங்கத்தினரையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் பால் ஹாரிஸ்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1868-ல் பிறந்தார். அப்பாவின் மருந்துக்கடை நொடித்துப் போனது. மூன்று வயதுப் பிள்ளை வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த தாத்தா பாட்டியிடம் வந்து சேர்ந்தான். அவர்கள்தான் வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள். சட்டம் படித்து முடித்தவர் உடனே வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. ஐந்து வருடம் நிருபர், நடிகர், சலவைக்கல் விற்பனையாளர் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1896-ல்தான் சிகாகோவில் வக்கீலாக உட்கார்ந்தார்.

பெரிய நகரம், ஆனால் பேச ஆளில்லை. லிஃப்டில் தினமும் பார்க்கும் முகத்தின் பெயர் தெரியாத நமக்கு இது புரியும். ஒருநாள் மாலை சக வக்கீல் ஒருவருடன் அவர் வீட்டுப் பக்கம் நடந்து போனார். அந்த நண்பர் கடைக்குக் கடை நின்று, கடைக்காரர்களோடு உறவுக்காரர் போலப் பேசுவதைக் கவனித்தார். அது மனதில் தங்கிவிட்டது. 1905 பிப்ரவரி 23 அன்று ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் ஆகியோருடன் கூடிப் பேசினார். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுற்று முறையில் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது.

முதலில் அது வெறும் நட்புதான். பழகிய பிறகுதான் ஊருக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தது. சங்கத்தின் அறநிதிக்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அந்த நிதியிலிருந்து 1930-ல் வெளியே போன முதல் உதவி 500 டாலர். அது உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான அமைப்புக்குப் போனது.

ஹாரிஸ் தம்பதிக்குக் குழந்தை இல்லை. 1947 ஜனவரியில் அவர் இறந்தார். தனக்கு மலர்வளையம் வேண்டாம், அந்தப் பணத்தை அறநிதிக்குக் கொடுங்கள் என்பது அவர் விருப்பம். ஒன்றரை வருடத்தில் 13 லட்சம் டாலர் சேர்ந்தது.

அந்த நிதி வளர்ந்துகொண்டே போனது. 1979-ல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்கும் வேலையில் இறங்கியது. 1985-ல் அதுவே உலகம் முழுவதற்குமான திட்டமானது. அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கைகோத்தன. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நோய் வந்தது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்ற சான்று பெற்றது. ஹாரிஸ் இவற்றில் எதையும் பார்க்கவில்லை.

நம் வீட்டிலும் திதி வரும், பிறந்தநாள் வரும். அன்று மாலைக்கும் கேக்கிற்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை, நம் காவலாளி வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்தால் என்ன? தொகை சிறிதாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். 26 டாலரில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால், எதிர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பெயரைக் கேட்டு வையுங்கள்.