துன்பத்திடையே நல்லறம் காத்த வீரசேனாசாரியர்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் சமண நல்லறத்தின் தொன்மையான உறைவிடம். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலி என்பர். அங்குதான் கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் பிராகிருத மொழியில் லோகவிபாகத்தை எழுதி முடித்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அம்மாவட்டத்தின் செஞ்சிப் பகுதியில் நம் அறவிளக்கு அணையும் நிலையை அடைந்தது. அதனை மீண்டும் சுடர்விடச் செய்த பெருமகனாரே வீரசேனாசாரியர். அவர் வரலாறு நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்தது; 1906ஆம் ஆண்டின் மாவட்ட விவரநூலிலும் இடம்பெற்றுள்ளது.

1478ஆம் ஆண்டு செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பான், மணவுறவு பற்றி எழுந்த பகையால், சமணரைக் கொல்லுமாறு ஆணையிட்டான் என்பது அம்மரபு. சிலர் ஊரைவிட்டு ஓடினர். பலர் பூணூலைக் களைந்து, நெற்றியில் நீறு பூசி உயிர் பிழைத்தனர். திண்டிவனம் வட்டத்து வேலூரில் வாழ்ந்த வீரசேனரோ, நீர்நிலையருகே மறைவாகத் தம் நித்திய நியமங்களைச் செய்து வந்தார். ஒருநாள் காவலர் அவரைப் பிடித்துச் செஞ்சிக்குக் கொண்டு சென்றனர். அவ்வேளையில் அரசனுக்கு ஒரு மகவு பிறந்திருந்தது. அம்மகிழ்ச்சியில் அவன் அவரை விடுவித்தான்.

மீண்டும் கிடைத்த உயிரை வீரசேனர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. துறவு மேற்கொள்ளத் துணிந்து சிரவணபெளகொளா சென்று, ஆகமங்களைக் கற்றுத் தெளிந்தார். வீடும் ஊரும் இழந்தவர்க்கு ஜினவாணியே செல்வமாயிற்று.

இதற்கிடையில் தாயனூர்க் காங்கேய உடையார், உடையார்பாளையம் ஜமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்து நிலமும் பெற்றிருந்தார். தம் நலம் உறுதியானதும் பிறர் நலம் நினைந்த அவர், சிரவணபெளகொளா சென்று ஆசாரியரை அழைத்து வந்தார். இருவரும் செஞ்சிநாடு முழுவதும் சுற்றினர். அச்சத்தால் நீறு பூசியவர்களை அவர்கள் ஒதுக்கவில்லை. தாய் அறத்துக்குத் திரும்புமாறு அழைத்தனர். பலரும் திரும்பினர். ஆசாரியர் இறுதியில் வேலூரிலேயே மறைந்தார். அவர் கொணர்ந்த பார்சுவநாதர் உலோகத் திருமேனி அவ்வூர் ஆலயத்தில் வைக்கப்பட்டது என்பர். உடையார் மரபினர்க்கு விழாக்களில் முதல் தாம்பூலமும், சித்தாமூர் மடாதிபதி தேர்வில் முதன்மையும் அளிக்கப்பட்டன.

இன்று நம்மை வாளால் அச்சுறுத்துவார் இல்லை. எனினும் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்கிறோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இரவுப் பணி செய்வோர்க்குப் பொழுது சாயுமுன் உண்பதே கடினம். அருகில் ஜினாலயமும் இராது. ஆலயமோ துணையோ இன்றி, அச்சத்தின் நடுவே, நீர்நிலையருகே நியமம் காத்தவரை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சாமாயிகத்துக்கு வேண்டுவது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்களே. சூழ்நிலை பறிக்க முடியாத இன்பம் அதில் உண்டு. தளர்ந்து விலகியவரையும் அன்போடு அழைப்போம்; அதுவே ஆசாரியர்க்கு நாம் செய்யும் வணக்கம்.

வளர்க நல்லறம்!