ராமானுஜனையே ஏமாற்றிய பகா எண்கள்... பிறகு நடந்தது என்ன?

மன்னார்குடியில் பஸ் ஏறி நீடாமங்கலம் வழியாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டரில் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சன்னிதி தெருவில் வளர்ந்தவர்தான் சீனிவாச ராமானுஜன். அவருடைய 1729 டாக்ஸி கதை எல்லோருக்கும் தெரியும். (அது பகா எண்கூட இல்லை. 7, 13, 19 மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும்.) பகா எண்களில் அவர் சறுக்கிய கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் 2, 3, 5, 7, 11 போன்றவைதான் பகா எண்கள். 100-க்குள் 25, 1,000-க்குள் 168. போகப் போக அரிதாகிக்கொண்டே வரும். அடுத்தது எங்கே என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

1913 ஜனவரி. சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் வேலை. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கல்லூரிப் பட்டம் இல்லை. அந்த நிலையில்தான் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், அதற்குள் எத்தனை பகா எண்கள் என்பதை ஏறக்குறைய அப்படியே சொல்லும் வழி தன்னிடம் இருக்கிறதாம்! ஹார்டி கேட்டதும் சூத்திரத்தையும் அனுப்பினார்.

போட்டுப் பார்த்தால் அசத்தும். 10 கோடிக்குள் இருக்கும் பகா எண்கள் 57,61,455. அவர் சூத்திரம் தவறுவது வெறும் 97-ல். இப்படி விடை வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆனால் அது தப்பு. எண்கள் பெரிதாகப் பெரிதாக வித்தியாசமும் எல்லையில்லாமல் வளரும். பகா எண்களின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணமான ஸீட்டா சார்பின் கலப்பெண் பூஜ்யங்களை ராமானுஜன் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஜெர்மனியின் ரீமான் 1859-லேயே இதே சூத்திரத்தை, திருத்தப் பகுதியோடு சேர்த்து எட்டியிருந்தார். பழைய பாடப்புத்தகங்களை வைத்துத் தனியாகப் படித்தவருக்கு அது எப்படித் தெரியும்?

1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அங்கே ஹார்டியுடனும் லிட்டில்வுட்டுடனும் வேலை பார்த்தபோதுதான் நிரூபணம் எவ்வளவு முக்கியம் என்பது பிடிபட்டது.

1919-ல் உடல்நலம் குலைந்து ஊர் திரும்பினார். அதே ஆண்டு இந்தியக் கணிதவியல் கழக இதழில் அவருடைய இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பதற்கான நிரூபணம் அது. ரஷ்யாவின் செபிஷேவ் ஏற்கெனவே நிரூபித்ததுதான். ராமானுஜனுடையது ரொம்பச் சுருக்கம். கூடவே ஒரு படி மேலே போனார். 11-லிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பாதிக்கும் அதற்கும் இடையில் குறைந்தது இரண்டு பகா எண்கள், 17-லிருந்து மூன்று, 29-லிருந்து நான்கு, 41-லிருந்து ஐந்து. இந்த எல்லை எண்களுக்கு இன்று பெயரே ராமானுஜன் பகா எண்கள்.

1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது அவருக்கு வயது 32.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சாதனைப் பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். அதற்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் இன்னொரு பகா எண் கட்டாயம் உண்டு என்று அந்த இரண்டு பக்கம் உறுதி தருகிறது. அது எந்த எண் என்று மட்டும் சொல்லாது.