ராபர்ட் கோக்கும் எங்க வீட்டுப் பசுவும்

கோட்டைப்பட்டினத்தில் எங்க வீட்டில் ஒரு பசு இருக்கு. கறந்த பாலை நுரை அடங்கும் முன்னே தம்பிக்குக் கொடுப்பாங்க. பச்சைப் பால்தான் பலம்னு அப்பத்தா நம்பிக்கை. ராபர்ட் கோக் பற்றிப் படித்த பிறகு எனக்கு அதைப் பார்க்கவே பயமா இருந்துச்சு.

கோக் 1843 டிசம்பர் 11-ல் ஜெர்மனியில் பிறந்தார். சின்ன ஊரில் டாக்டர். பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. வீட்டிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்து, ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று 1876-ல் நிரூபித்தார். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் காட்டினார். அந்த நாளே இன்று உலக காசநோய் தினம். 1883 டிசம்பரில் நம்ம கல்கத்தாவுக்கு வந்து காலரா கிருமியை ஆராய்ந்தார். 1905-ல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வளவு பெரியவரும் சறுக்கினார்! 1890-ல் காசநோய்க்கு மருந்து என்று டியூபர்குலினைக் கொண்டுவந்தார். அது நோயைத் தீர்க்கவில்லை. 1901-ல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதருக்கு ஒட்டுவது மிக அரிது என்றார். பிரிட்டன் ஓர் ஆணையம் அமைத்துப் பல வருடம் சோதித்தது. பால் வழியாகக் குழந்தைகளுக்கு அந்த நோய் வரும் என்று தெரிந்தது. 1910 மே 27-ல் கோக் இறந்தார். ஆணையத்தின் கடைசி அறிக்கை 1911-ல் வந்தது.

ஆனால் தோற்றுப்போன டியூபர்குலின் வீணாகவில்லை. மாட்டின் தோலில் அதை ஊசியாகப் போட்டு, வீங்கினால் காசநோய் என்று சந்தேகப்படுவார்கள். இதிலும் ஒரு சிக்கல். மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகள் பல உண்டு. மேயும்போது உள்ளே போய், நல்லா இருக்கிற மாட்டின் நிணநீர்க் கணுக்களிலும் தங்கும். மாட்டுக்கு ஒண்ணும் செய்யாமல் இருந்தாலும், ஊசி போட்ட இடம் வீங்கலாம். பாவம், நல்ல மாட்டுக்குக் கெட்ட பேர்! அதனால் பறவைக் காசக் கிருமியில் செய்த ஊசியையும் பக்கத்தில் போட்டு, எது அதிகம் வீங்குதுன்னு ஒப்பிடுவார்கள்.

நம்ம செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தைப் பி.சி.ஜி. ஊசி தடுக்கவில்லை. அதற்கும் இந்தப் பங்காளிகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொன்னார்கள்.

மாட்டின் முகத்தைப் பார்த்து நோய் இருக்கா, இல்லையான்னு சொல்ல முடியாது. பாலைப் பொங்கக் காய்ச்சினால் காசக் கிருமி செத்துப்போகும். இதை அப்பத்தாகிட்ட சொன்னேன். முதலில் திட்டுச்சு. இப்போ தம்பிக்குக் காய்ச்சின பால்தான்.

எவ்வளவு பெரியவங்க சொன்னாலும் சோதிச்சுப் பார்க்கணும். கோக்கின் வாழ்க்கையில் நான் படித்த பாடம் இதுதான்.